ஐம்பத்து நான்கு படி

ஏழாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்களாம்.
பதினெட்டு வருஷமாய் எர்ணாவூரில் இருக்கிறேன்,
அந்தக் கூண்டை நான் கண்ணால் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் இந்தக் கோடு.

போன தடவை தண்ணீரோடு உள்ளே வந்த எண்ணெய்
ஹாலைச் சுற்றி இழுத்துவிட்டுப் போன கறுப்புக் கோடு.
மூன்று முறை சுண்ணாம்பு, ஒரு முறை பெயிண்ட்.
வெயில் ஏறினால் மறுபடி கசிகிறது.
ஷைனி டேப் வைத்து அளந்தாள்:
நாலடி இரண்டங்குலம்.
பிறகு சுவரில் சாய்ந்து தன்னையும் அளந்தாள்:
நாலடி ஐந்து.
"இந்த வாட்டி நான் முழுக மாட்டேம்மா"
என்றாள், பாஸானவள் போல.
மிச்சமிருக்கும் மூன்றங்குலம்
நெற்றிதான், மூக்கில்லை
என்று நான் சொல்லவில்லை.
ஆல்வினை அளக்க விடவுமில்லை.

எங்கே போவது?

கார்ப்பரேஷன் ஸ்கூல் என்றேன்.
ஸ்கூலுக்கு மாடி உண்டு, மாடிக்குச் சாவி உண்டு,
சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் மீஞ்சூரில்.
போன தடவை எழுபது பேருக்கு ஒரு கக்கூஸ்.
ஷைனி பெரியவளான பிறகு
அது வேறு கணக்கு.

சர்ச் என்றேன்.
சர்ச் நம் வீட்டைவிடப் பள்ளம்.
மாதா மட்டும்தான் மேடையில் நிற்கிறாள்.

லூர்து கண்டெய்னர் என்றார்.
யார்டில் காலியாய்க் கிடக்கிறது, முழு இரும்பு,
கதவோரம் ரப்பர், ஒரு சொட்டு இறங்காதாம்.
இறங்காது. அதனால்தான் மிதக்கும்.
மணலி ரோட்டில் ஒன்று
தேர் மாதிரி அசைந்து போனதை
இதே வாயால்தான் எனக்குச் சொன்னார்.
"லோடு ஏத்துனா மிதக்காது."
என்ன லோடு? நாம்தானே?

சொல்லாமல் விட்ட இடம் ஒன்று இருந்தது.
மூடியில்லாத குழியைச் சுற்றி வண்டி ஓட்டுவதுபோல்
இரண்டு பேரும் அதைச் சுற்றியே பேசினோம்.
தண்டையார்பேட்டை, ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
அவர் தங்கை பிலோமினா.
அவசரத்துக்கு என்று வாங்கிப் போய்
அவள் அடகு வைத்த என் ஆரம் மூழ்கிப்போனது.
தண்ணீரில் இல்லை, வட்டியில்.
அன்றோடு பேச்சு நின்றது.
அங்கே லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி.
லூர்துவின் வலது முழங்காலில்
ஒரு தகடு, ஆறு திருகாணி.

அவர் போனைத் தொடவில்லை. நான்தான் அடித்தேன்.
இரண்டாவது ரிங்கில் எடுத்தாள்.
நான் வாயைத் திறப்பதற்குள்
"மாடிக்கு மாடி சேர் போட்டு வச்சிருக்கேன்,
அண்ணன் உக்காந்து உக்காந்து வரட்டும்" என்றாள்.
"எப்ப போட்ட?"
"நேத்தே."
வேறொன்றும் பேசவில்லை.
ஆரத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ரேஷன் கார்டு, பாஸ்புக், கால் எக்ஸ்ரே,
ஆல்வினின் இன்ஹேலர், எல்லாம்
பிரியாணிக் கடை கவரில், இரட்டை முடிச்சு.
விடியற்காலை இரண்டுக்கு ஆட்டோ.

ஒன்றரைக்குப் புயல் மனசு மாறி
ஆந்திராவுக்குப் போய்விட்டதாக டிவியில் சொன்னார்கள்.
அங்கே யார் வீட்டுச் சுவருக்கோ.
தெருவில் பவர் இல்லை, தவளைதான் கத்துகிறது.
ஆட்டோ வந்துவிட்டது.
"போலாமா, வாணாமா?"
லூர்து என்னைப் பார்த்தார்.
நான் கோட்டைப் பார்த்தேன்.
"இந்தக் காலோட ஏற எவ்ளோ நேரமாவுதுன்னு
தண்ணி வராதப்பவே பாத்துடலாம்" என்றேன்.

இருபத்து மூன்று நிமிஷம்.
முதல் சேர் பிளாஸ்டிக், ஒரு கால் கொஞ்சம் குட்டை.
இரண்டாவதில் ஒரு சொம்புத் தண்ணீர்.
மூன்றாவதில் அவளே உட்கார்ந்திருந்தாள்,
மெழுகுவத்தி அணைந்தது தெரியாமல் தூங்கி வழிந்து.
செல்போன் வெளிச்சம் அவள் கழுத்தில் பட்டது.
மஞ்சள் கயிறு மட்டும். என் கழுத்திலும் அதுதான்.
திடுக்கிட்டு எழுந்து,
அண்ணனுக்கு இடம் விட்டாள்.